ரஞ்சினியக்கா கேட்ட திருத்தம்

ரெஞ்ச் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சாராயம் வடிப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைகளின் மேற்கு அடிவாரம் அது. செர்ரியும் பிளம்ஸும் அப்பிளும் விளைகிற வீடுகளின் பின்புறத்தில் ஒரு செப்புக் கொதிகலம் இருக்கும். வேலை குறைந்த குளிர்காலத்தில் விவசாயிகள் அதை மூட்டுவார்கள். ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தது மகாதேவியைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விருந்தினர் விடுதியில் அறை துடைத்துக்கொண்டிருந்த பெண், அந்த விடுதிக்காரரான போனெர்ட் வீட்டுக் கொதிகலத்தைக் குத்தகைக்கு எடுத்து வடிக்கத் தொடங்கினாள். தோட்டத்துப் பழம் எதையும் அவள் தொடவில்லை. காட்டோரத்தில் தானாக வளர்ந்து, குருவிகள் தின்று மிச்சம் விடுகிறவற்றைத் தேடிப் போனாள்.

காரணம் எளிது. அவளுக்கு நிலம் இல்லை. காட்டில் பொறுக்குவதற்கு நிலம் தேவையில்லை; விற்பதற்காகப் பொறுக்குவதானால் அனுமதி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எடுத்திருந்தாள். வடிப்பவர்களுக்கான வகுப்புக்கும் போனாள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த விவசாயி, வகுப்பு முடியும்வரை துடைக்க வந்தவள் காத்திருக்கிறாள் என்று நினைத்து, தன் வெறும் கோப்பிக் கோப்பையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி மேசையில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். இந்தக் கதையை ரஞ்சினி எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ரஞ்சினி அவளுக்கு இரண்டு வயது மூத்தவள். தொண்ணூறுகளின் நடுவில் இருவரும் ஒரே ஹைமில், அதாவது அகதிகளுக்கான விடுதியில், ஒரே அடுப்பில் சமைத்தார்கள். மகாதேவி கலியாணமான புதிதில் கணவன் சிறீதரனோடு வந்து இறங்கியபோது, ரஞ்சினியின் கையில் கிருசாந்தி கைக்குழந்தை. ரஞ்சினிக்குக் காய்ச்சல் என்றால் குழந்தை மகாதேவியிடம் படுத்தது. மகாதேவிக்கு லக்ஸன் பிறந்தபோது பிள்ளைப்பேற்றுக் காயச்சரக்கும் கைமருந்தும் அரைத்துக் கொடுத்தது ரஞ்சினி. பிறகு இருவருக்கும் வீடு கிடைத்தது ஒரே தெருவில், வேலை கிடைத்தது ஒரே விடுதியில். விடுதிச் சொந்தக்காரி திருமதி போனெர்ட் இருவரையும் உடன்பிறந்தவர்கள் என்றே நெடுநாள் நம்பியிருந்தாள். அவளுடைய கணவனுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை ஆனபின் கொதிகலம் சும்மா கிடந்தது. அதை மகாதேவி குத்தகைக்குக் கேட்டபோது, "சகோதரியும் சேர்ந்தா?" என்று கேட்டாள். போத்தலில் ஒட்டும் தாளுக்கு 'இரண்டு சகோதரிகள்' என்று பெயர் சொன்னதும் அவள்தான். ரஞ்சினிக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அவர்கள் வடித்தவற்றில் சிறந்தது ஃபோகல்பேர. தாங்களே 'குருவிப்பழம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மலைச்சாலை ஓரங்களில், செம்மணிக் கொத்துகளாகத் தொங்கும். வாயில் போட்டால் முகம் கோணும் அளவுக்குக் கைப்பு. முதல் உறைபனி விழுந்தபின் கைப்புக் கொஞ்சம் இறங்கும், ஆனால் அதற்குள் குருவிகள் முந்திவிடும். பறித்தபின் ஒவ்வொரு பழமாகக் காம்பிலிருந்து உருவ வேண்டும், காம்பு சேர்ந்தால் சாராயம் புல் மணக்கும். இருவரும் கொதிகலம் இருந்த பட்டறை வாசலில் எதிரெதிரே உட்கார்ந்து நாட்கணக்கில் உருவுவார்கள். விரல் நுனி மஞ்சளாகிப் பிறகு கறுக்கும். பீப்பாய் நிறையப் போட்டாலும் வடிந்து வருவது கொஞ்சம். எந்த நாளில் அடுப்பு மூட்டுவது என்று முன்கூட்டியே சாராய வரி வாங்கும் சுங்கத்துக்கு அறிவித்துவிட்டு, மகாதேவி கொதிகலத்தின் குழாயடியில் நிற்பாள். முதலில் சொட்டுவது பசை மணக்கும். அதை ஒதுக்கி ஊற்றுவாள். கடைசியில் வருவது நனைந்த காகித மட்டை மணக்கும், அதையும் ஒதுக்குவாள். நடுவில் வருவதைக் கையில் தேய்த்து முகர்ந்தால் பாதாம்பருப்பு. "இப்ப" என்று அவள் சொன்னதும் ரஞ்சினி பாத்திரத்தை மாற்றுவாள்.

தமிழர்கள் மத்தியில் கதை கிளம்பாமல் இல்லை. கோயிலில் ஒரு பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, சங்கத்து வேலைகளில் முன்னுக்கு நிற்கும் சுபானி சத்தமாகக் கேட்டாள்.

"என்ன ரஞ்சினி, பொம்பிளையள் சேந்து சாராயம் காய்ச்சுறியளாம்? கேள்விப்பட்டு வெக்கமாப் போச்சு."

மகாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். ரஞ்சினி தட்டைப் பிடித்தபடி திரும்பினாள்.

"உங்கடை அவர் குடிக்கிற விஸ்கியை ஆர் காய்ச்சினது, ஐயரோ? வெக்கமா இருந்தா முதல் அதைக் கொண்டுபோய்க் கவிட்டு ஊத்துங்கோ."

வரிசை சிரித்தது. சுபானியின் கணவனும் சிரித்தான். அடுத்த மாதம் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவனே வந்து ஒரு பெட்டி வாங்கினான். வேலை இடத்து ஜெர்மன்காரருக்கு நத்தார்ப் பண்டிகைப் பரிசாம். அன்று காரில் திரும்பி வரும்போது மகாதேவி சொன்னாள்: "அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் அந்த இடத்திலையே விட்டிட்டுப் போயிருப்பன்." "நீ சும்மா இரு, உன்னை ஒருத்தி ஒண்டு சொல்ல விடுவனே" என்றாள் ரஞ்சினி. பெற்ற தாயிடம்கூட அப்படி ஒரு பாதுகாப்பை மகாதேவி உணர்ந்ததில்லை.

பிறகு ஒரு ஒக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து இளம்பெண் ஒருத்தி வந்தாள். ரஞ்சினிக்கு அன்று பல் வைத்தியரிடம் டெர்மின், முன்பே குறித்த நேரம். மகாதேவி தனியாகத்தான் இருந்தாள். அந்தப் பெண் பீப்பாய்களைப் பார்த்தாள், பழங்களைக் கடித்துத் துப்பினாள், படம் எடுத்தாள். புறப்படப் போகும்போது, "இந்த மூக்கு உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? வீட்டில் யாராவது இப்படி வேலை செய்தார்களா?" என்று கேட்டாள்.

இந்த நாட்டில் மகாதேவியின் அப்பாவைப் பற்றித் தமிழர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கோயிலடியா ஒழுங்கைப் பக்கமா, அப்பாவுக்கு என்ன பேர். அவர்கள் அளந்து பார்க்கக் கேட்கிறார்கள் என்று தெரியும். "வடமராட்சிப் பக்கம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். ஹைமுக்கு வந்த முதல் வாரமே சிறீதரன் சொல்லியிருந்தான்: "இஞ்சை ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை." இந்தப் பெண்ணின் கேள்வியில் அளவுகோல் இருக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

மகாதேவி சொன்னாள். அப்பா பனையில் ஏறிக் கள்ளுச் சீவியவர். விடிய ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் ஏறுவார். பாளையைச் சீவி முட்டியைக் கட்டுவார். இறக்கிய முட்டியை முகர்ந்து எந்த மரத்துக் கள்ளு என்று சொல்வார். நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் காய்த்துச் செதில் செதிலாக இருக்கும். குழந்தையாக அந்தச் செதிலை உரித்து விளையாடியிருக்கிறாள். ஒரு மாரியில் அப்பா விழுந்து, இடுப்பு உடைந்து, பிறகு ஏறவில்லை. சொல்லிக்கொண்டே போனபோது அவளுக்குக் கண் நிறைந்தது. அப்பா செத்தபோது ஊரில் போர், சவத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றி இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதே இல்லை என்பது அந்தப் பெண் போனபிறகுதான் உறைத்தது. மனம் லேசாக இருந்தது. சோற்றைக்கூடக் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை செய்தி வந்தது, அரைப் பக்கம். தலைப்பு 'பனையிலிருந்து காட்டுப் பழத்துக்கு'. போத்தலில் இருந்த பெயரை அந்தப் பெண் அப்படியே நம்பியிருந்தாள். 'மகாதேவியும் ரஞ்சினியும் கள்ளு இறக்கும் தொழிலாளி ஒருவரின் மகள்கள். தந்தையின் மூக்கை இரு சகோதரிகளும் உரிமையாகப் பெற்றிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தாள்.

திருமதி போனெர்ட் பத்திரிகையை வெட்டி விடுதி வரவேற்பில் ஒட்டினாள். அன்று முழுக்கத் தொலைபேசி அடித்தது. இரண்டு உணவகங்கள் கேட்டன, ஒரு மனிதன் மனைவியோடு கார் எடுத்து வந்து, "எவ்வளவு அழகான கதை!" என்று சொல்லிப் போத்தல் வாங்கிக்கொண்டு போனான். மகாதேவி ரஞ்சினிக்கு நாலைந்து தரம் ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. பிள்ளையின் சம்பந்த விஷயமாகக் கொலோன் போயிருப்பாள் என்று நினைத்தாள். கிருசாந்திக்கு அங்கே ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, கிட்டத்தட்டப் பேசி முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் மகாதேவி பழம் உருவிக்கொண்டிருந்தாள். ரஞ்சினி வந்தாள். எதிரே இருந்த கதிரையில் உட்காரவில்லை.

"உன்னை ஆர் உதெல்லாம் சொல்லச் சொன்னது?"

"எதை அக்கா?"

"கொப்பற்றை கதையை."

அப்பாவின் கதையைத்தான் சொல்கிறாள் என்று மகாதேவிக்கு உடனே விளங்கியது. "அந்தப் பிள்ளை கேட்டது, சொன்னன். உங்களையும் சேத்து எழுதினது அவையின்ரை பிழை. போத்தலைப் பாத்திட்டு எழுதிப்போட்டினம். நான் ஃபோன் அடிச்சுச் சொல்லுறன், மாத்துவினம்."

"மாத்துவினம்! அதுக்கிடையிலை அது எங்கை எங்கை போட்டுது தெரியுமோ? ஆரோ படம் எடுத்து, தமிழாக்கி, குறூப் குறூப்பா அனுப்பியிருக்கிறாங்கள். நேற்று மாப்பிள்ளையின்ரை தாய் அடிச்சுக் கேக்கிறா, 'நீங்கள் எந்தப் பகுதி எண்டு வடிவா விசாரிக்காமல் விட்டிட்டம்' எண்டு. என்னை! என்னைப் பாத்து!"

மகாதேவி பயந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ரஞ்சினிக்கு இது தெரியவந்திருக்கிறது, அந்த அதிர்ச்சியில் பேசுகிறாள் என்றே நினைத்தாள். "அக்கா, நான் உங்களுக்கு ஒளிக்கேல்லை. நீங்கள் கேக்கேல்லை. கேட்டிருந்தா உங்களுக்கு மட்டும் சொல்லியிருப்பன்."

"நான் ஏன் கேக்கிறன்? எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீங்கள் ஹைமுக்கு வந்த கிழமையே எங்கடை அவர் விசாரிச்சுப்போட்டார். ஊரும் பேரும் சொன்னாப் பிடிக்கேலாதே? தெரிஞ்சுகொண்டுதான் உன்னோடை பழகினனான். உன்ரை கையாலை சாப்பிட்டனான். என்ரை பிள்ளையை உன்ரை மடியிலை விட்டனான். எத்தினை பேர் என்னட்டைக் கேட்டவை, 'அவளோடை உனக்கு என்ன கொண்டாட்டம்' எண்டு. ஒருத்தற்றை கதையையும் நான் எடுக்கேல்லை. இவ்வளவு வருசத்திலை உனக்கு ஒரு முகம் காட்டியிருப்பனே? சொல்லு. காட்டினனானே?"

ரஞ்சினி அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை. தான் செய்ததெல்லாம் பெரிய நன்மை, அதற்கு இப்படி ஒரு கைம்மாறா என்றுதான் அவளுடைய அழுகை கேட்டது. மகாதேவியின் கைகள் பழத்தை உருவிக்கொண்டே இருந்தன. அதை நிறுத்தினால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"காட்டேல்லை" என்றாள் கடைசியில்.

"அப்ப ஏன் எனக்கு இப்பிடிச் செய்தனி?"

ரஞ்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்திரிகைக்குத் தானே பேசியாகிவிட்டது என்றும், போத்தலில் பெயரை மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு நான் இஞ்சாலை வரேலாது. நீ கோவியாதை" என்றும் சொன்னாள். போகும்போது பழக்கத்தில் வாசலில் சாய்ந்திருந்த கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் முதல் மகாதேவியின் மூளை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போனது. கிருசாந்தி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் ஆராத்தித் தட்டு எடுத்தவர்களில் தான் இல்லை. "உனக்குத்தான் கை நடுங்காது, நீ வீடியோ எடு" என்று ரஞ்சினி கமராவைக் கையில் தந்திருந்தாள். அப்போது அது பெருமையாக இருந்தது. புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, "நீ விடிய வரவேண்டாம், வேலையாலை களைச்சுப்போய் இருப்பாய், மத்தியானம் சாப்பிட வா" என்றாள். கோயிலில் நைவேத்தியச் சமையலுக்கு ஆள் குறைந்தபோதெல்லாம், "மாதேவிக்கு நாரி நோ, அவளை விடுங்கோ" என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள். மகாதேவிக்கு இடுப்புவலி இருந்தது உண்மைதான். அதுதான் வதைத்தது. எதையும் இது அன்பு, இது ஒதுக்கம் என்று அவளால் ஒதுக்கி வைக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பத்திரிகையில், காணாமல்போன பூனை விளம்பரத்துக்கு மேலே, சிறு கட்டத்தில் திருத்தம் வந்தது. திருமதி போனெர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். 'திருமதி ரஞ்சினி, திருமதி மகாதேவியின் சகோதரி அல்ல. ரஞ்சினியின் தந்தை கள்ளு இறக்குபவர் அல்ல, சொந்த நிலம் உள்ள விவசாயி என்பதை அவர் வலியுறுத்துகிறார். தவறுக்கு வருந்துகிறோம்.'

"சகோதரி இல்லை என்பது சரி" என்றாள் திருமதி போனெர்ட். "மற்றதை ஏன் வலியுறுத்த வேண்டும்? நிலம் வைத்திருந்தால் என்ன, மரம் ஏறினால் என்ன?"

மகாதேவி ஜெர்மனில் சொல் தேடினாள். கிடைத்தவை எல்லாம் பாடப்புத்தகச் சொற்கள். தன் வாழ்க்கைக்கு அவற்றைப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. "அது எங்களுடைய பழைய பழக்கம்" என்றாள்.

"ஓ, என் அம்மா காலத்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் கலியாணம் செய்யாமல் இருந்தார்களே, அதுபோல?"

"அதுபோலத்தான்."

அதுபோல இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மனிசி நல்லவள். காலையில் எழுந்ததும் அவளுக்கு வகுப்பு எடுக்க மகாதேவிக்குத் தெம்பு இல்லை.

அதற்கடுத்த அடி வீட்டிலிருந்து வந்தது. லக்ஸன் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். வந்ததும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அம்மா, ஏன் சொன்னனீங்கள்? காட்டுப் பழம் பிடிக்கும் எண்டு சொல்லியிருந்தா முடிஞ்சுதே. எல்லாத்தையும் ஏன் ஓப்பின் பண்ணோணும்?"

"அது என்ரை அப்பா, தம்பி. உன்ரை தாத்தா. களவெடுத்தவரே?"

"களவெடுத்தவர் எண்டு நான் சொல்லேல்லை. நான் சொல்லுறது..." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு எப்பவோ தெரியும். பதினைஞ்சு வயசிலை தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை ஒருத்தன் சொன்னவன், எல்லாற்றை முன்னாலையும். நீங்கள் ரண்டு பேரும் கவலைப்படுவியள் எண்டு நான் வீட்டிலை சொல்லேல்லை. அதுக்குப் பிறகுதான் நான் அங்கை போகாமல் விட்டனான்."

மகாதேவிக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. சனிக்கிழமை காலையில் எழும்பாமல் போர்வைக்குள் கிடந்தவனை, பஞ்சி பிடிச்சவன், தமிழ் வேண்டாமென்று ஜெர்மன்காரனாகப் போகிறவன் என்று எவ்வளவு ஏசியிருக்கிறாள். சிறீதரன் ஒருமுறை கையும் ஓங்கியிருக்கிறான். பிள்ளை ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை.

"அப்ப சொல்லியிருக்கலாமே ராசா."

"நீங்களும் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றான் அவன்.

சிறீதரன் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்காமல் இருந்தான். அன்று மூவரும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே சாப்பிட்டார்கள்.

கொலோன் சம்பந்தம் குழம்பவில்லை. ரஞ்சினி கணவனோடு இரண்டு முறை போய், ஊரிலிருக்கும் பெரியவர்களோடு மாப்பிள்ளை வீட்டாரைப் பேசவைத்து, திருத்தத்தையும் காட்டிச் சரிப்படுத்தினாள். அடுத்த வைகாசியில் கலியாணம். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் கிருசாந்தி மட்டும் பட்டறைக்கு வந்தாள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு மகாதேவி 'அன்ரி'தான். கட்டிப் பிடித்து நிறைய நேரம் விடவில்லை.

"அன்ரி, ஷ்டாண்டஸ்அம்ற்றிலை கலியாணப் பதிவு வெள்ளிக்கிழமை. அதுக்கு என்ரை சிநேகிதர் மட்டும்தான் வருவினம். நீங்களும் அங்கிளும் கட்டாயம் வரோணும். சனிக்கிழமைக் கலியாணம் வந்து..." நிறுத்தினாள். "அது பெரிய சனம். அம்மா சொல்லுறா, உங்களுக்கு அது கஷ்டமா இருக்கும் எண்டு."

"எனக்குக் கஷ்டமா இருக்கும் எண்டு அம்மா சொன்னவவோ?"

கிருசாந்தி கண்களைத் தாழ்த்தினாள். இருபத்தெட்டு வயது, ஆஸ்பத்திரியில் பெரிய வேலை, ஜெர்மனில் பேசினால் யாரையும் வாயடைக்க வைப்பாள். தமிழில் அவளுக்கு அம்மாவின் சொற்கள்தான் இருந்தன.

"பிள்ளை, நீ நல்லா இரு. வெள்ளிக்கிழமை எனக்கு வேலை" என்றாள் மகாதேவி. அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், ஒட்டுத்தாள் இல்லாத குருவிப்பழப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கிருசாந்தி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கலியாண வீடியோவை யாரோ ஒருத்தி அனுப்பினாள், வேண்டுமென்றோ தெரியாமலோ. மகாதேவி முழுதும் பார்த்தாள். மண்டபத்தின் பின் வாசலில் ஆண்கள் கூட்டமாக நிற்கிற இடத்தைக் கமரா ஒரு கணம் கடந்தது. நடுவில் சுபானியின் கணவன் பிளாஸ்ரிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தான். உயரமான மெல்லிய போத்தல், பழைய ஒட்டுத்தாள். கார் நிறுத்துமிடத்தில் வாங்கிய பெட்டியில் மிச்சமாக இருக்க வேண்டும். ஆண்கள் குடித்து முகம் சுளித்து, மறுபடி கோப்பையை நீட்டினார்கள். அந்த இடத்தை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

வியாபாரம் மட்டும் பெருகியது. அந்த அரைப் பக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வேறு ஊர்களிலிருந்தும் கேட்டார்கள். உணவகக்காரர்கள், "பனை மரத்துக் கதையையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள், விருந்தாளிகளுக்குப் பிடிக்கும்" என்றார்கள். மகாதேவி எழுதிக் கொடுக்கவில்லை. போத்தலில் பெயரை எடுத்துவிட்டுப் பழத்தின் பெயரை மட்டும் அச்சிட்டாள். குருவிப்பழத்தைத் தனியாக உருவி முடிக்க முடியாததால் அந்த வருடம் பாதிதான் வடித்தாள். மிச்சத்துக்கு முள்ளுச்செடியில் காய்க்கும் கறுத்த ஷ்லேஹப் பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்டு வடித்தாள். குழாயடியில் நின்று முகர்ந்து, "இப்ப" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பிறகு தானே ஓடிப்போய்ப் பாத்திரத்தை மாற்றுவாள். ஒரு முறை பிந்திவிட்டது. மட்டை மணம் கலந்து, அந்த வடி முழுவதும் பழுதாகிப்போனது.

கோயிலுக்குத் தொடர்ந்து போனாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. முன்பு சிரித்தவர்கள் இப்போதும் சிரித்தார்கள், "சுகமோ" என்றார்கள். சிலர் முன்பைவிட அதிக மரியாதையாக, ஒரு படி தள்ளி நின்று பேசினார்கள். சிறீதரன் போவதை நிறுத்திவிட்டான். பஸ் ஓட்டும் வேலையில் ஞாயிறு மாற்று வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கலியாணம் முடிந்த புரட்டாதியில், மலைச்சாலை மேலே ஏறும் வளைவில், தான் முதலில் கண்டுபிடித்த மரங்களடியில் மகாதேவி ரஞ்சினியைக் கண்டாள். ரஞ்சினி கொக்கைத் தடியால் கொப்பை வளைத்துப் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றது வேறொரு வடிப்பவரின் வண்டி. அவருக்குப் பழம் பறித்துக் கொடுக்கிறாள் போலும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபின் திரும்பிப் போக வழி இல்லை.

"சுகமா இருக்கிறியே? மெலிஞ்சுபோனாய்" என்றாள் ரஞ்சினி. பழைய குரல்தான். "லக்ஸன் என்ன செய்யிறான்? கிருசாந்தி அடிக்கடி உன்னைக் கேக்கிறவள்."

"இருக்கிறம்."

ரஞ்சினி தடியைக் கீழே வைத்தாள். கிட்ட வந்தாள். "மாதேவி, நான் அண்டைக்குக் கோவத்திலை கத்திப்போட்டன். பிள்ளையின்ரை வாழ்க்கை எண்டு வந்தா நீயும் அப்பிடித்தான் செய்திருப்பாய். இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனி ஒருத்தரும் ஒண்டும் கதைக்க மாட்டினம். நான் திரும்ப வாறன். முந்தி மாதிரி இருப்பம். பேர் ஒண்டும் போடத் தேவையில்லை, நான் பின்னாலை நிண்டு செய்யிறன்."

மகாதேவி அவளைப் பார்த்தாள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. விரல் நுனிகள் பழச்சாற்றில் கறுத்திருந்தன. வா என்று சொல்லிவிடத்தான் உள்ளே துடித்தது. அவளில்லாமல் கழிந்த ஒரு வருடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"முந்தி மாதிரி எண்டா எப்பிடி?" என்று கேட்டாள்.

"எப்பிடியெண்டா... நாங்கள் இருந்த மாதிரி. எனக்கு நீ வித்தியாசம் இல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. நான் அதெல்லாம் பாக்கிறேல்லை."

"நீங்கள் பாக்காமல் விடுறதுக்கு என்னட்டை என்ன இருக்கு?"

ரஞ்சினிக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்காத முகத்தோடு நின்றாள். 'அக்கா' என்ற சொல் வராததை மட்டும் அவள் கவனித்திருக்க வேண்டும், கண் கலங்கியது.

"ஏலாது" என்றாள் மகாதேவி. "பழத்தைப் பறியுங்கோ. மேல்கொப்பிலை நல்லாப் பழுத்திருக்கு. நான் கீழை இருக்கிறதைப் பாக்கிறன்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். முதல் வளைவு தாண்டியதும் கல்லொன்றில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அன்று ஒரு பழமும் பறிக்கவில்லை.

வீட்டில் சிறீதரன் சோறு போட்டு வைத்திருந்தான். ரஞ்சினியைக் கண்டதையும் அவள் கேட்டதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவன் குழம்புச் சட்டியைக் கிட்ட இழுத்தான்.

"நீ அந்தப் பேப்பர்காரிக்குச் சொல்லாமல் விட்டிருந்தா, அவள் இப்பவும் உன்னோடை இருந்திருப்பாள்."

"ஓம்" என்றாள் மகாதேவி. "இருந்திருப்பாள். கலியாணத்திலை வீடியோ எடுக்கவும் என்னைக் கூப்பிட்டிருப்பாள்."

சிறீதரன் அவளுடைய தட்டில் குழம்பை ஊற்றினான். சாப்பிட்டுவிட்டு அவள் சுங்கத்துக்கு அடுத்த வடிப்பு நாளை அறிவிக்கப் போனாள்.